முதுகுத்தண்டு ஆபரேஷனில் ரத்தம் நிற்கவில்லையா? எங்கிருந்து வருகிறது, எதை வைப்பது, எப்போது ஆள் கூப்பிடுவது

"சிஸ்டர், நிக்க மாட்டேங்குது, ஏதாவது குடுங்க" என்று டேபிளிலிருந்து குரல் வரும். அந்த 'ஏதாவது' எது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் பக்கத்தில் சீனியர் இல்லாமல் முதுகுத்தண்டு கேஸ் செய்ய ஆரம்பித்திருக்கும் இளம் சர்ஜன்களுக்கும், அவர்களோடு நிற்கும் ஸ்க்ரப் சிஸ்டர்களுக்கும் இது.

எலும்பிலிருந்து வரும் ரத்தத்துக்கு வைப்பது வேறு, கேனாலுக்குள் (தண்டுவடம் போகும் எலும்புக் குழாய்க்குள்) ஊறும் ரத்தத்துக்கு வைப்பது வேறு. உடம்பே ரத்தத்தை உறைய வைக்காத நிலைக்குப் போயிருந்தால் மேலே எதை வைத்தாலும் பயனில்லை. அதனால் ரத்தம் நிறுத்தும் பொருளுள்ள எந்தப் பெட்டியைத் திறக்கும் முன்பும் ஒரே கேள்வி: எங்கிருந்து வருகிறது? காப்பீட்டுத் திட்டத்தில் வருபவருக்கு பேக்கேஜ் தொகைக்குள் எல்லாம் அடங்க வேண்டும், கையிலிருந்து கட்டுபவருக்கோ அது நகையை அடகு வைத்த பணம். பல ஆயிரம் ரூபாய் சிரிஞ்சைத் தப்பான இடத்தில் பீய்ச்சிவிட்டு, கடைசியில் சாதாரண ஜெல்ஃபோமில் (ஜெலட்டின் பஞ்சில்) நின்ற கேஸ்களை நிறையப் பார்த்தாயிற்று.

தோலைத் திறந்ததிலிருந்தே எல்லாப் பக்கமும் கசிகிறது

முதலில் வயிற்றைப் பாருங்கள். குப்புறப் படுத்திருப்பவரின் வயிறு மெத்தையில் அழுந்தினால் உள்ளே பெரிய சிரை நசுங்கும், இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள வால்வில்லாத சிரைகள் வழியாக வரும், நீங்கள் வெட்டிக்கொண்டிருப்பது சரியாக அந்த இடத்தைத்தான். வெளியே நிற்கும் சிஸ்டரை ட்ரேப்புக்கு (மேலே மூடிய துணிக்கு) அடியில் கையை விடச் சொல்லுங்கள். உள்ளங்கை தட்டையாகத் தொப்புள் வரை தடையில்லாமல் போக வேண்டும். பருமனானவர்களுக்கு ஆரம்பத்தில் சரியாக வைத்த குஷன்கூட ரிட்ராக்டர் போட்டு இழுக்க இழுக்க நகர்ந்து, இடுப்பெலும்பில் இருக்க வேண்டியது வயிற்றுக்கு வந்திருக்கும். அனஸ்தீசியா டாக்டரிடம் ஏர்வே பிரஷர் எவ்வளவு என்று கேளுங்கள். குப்புறப் போட்ட பிறகு ஏறியிருந்தால் வயிறு அழுந்தியிருக்கலாம், ட்யூப் மடங்கியிருக்கலாம், நோயாளிக்கு மயக்கமோ தசைத் தளர்வோ குறைந்து முக்கிக்கொண்டிருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் மேலே பொருள் வைப்பது, மோட்டார் ஓடும்போதே உடைந்த குழாய்க்குத் துணி சுற்றுகிற மாதிரி.

அடுத்து, நீங்கள் எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள்? எலும்பை ஒட்டி, பெரியாஸ்டியத்துக்கு (எலும்பை மூடிய சவ்வுக்கு) அடியில் போனால் ரத்தம் குறைவு. தசைக்குள் புகுந்துவிட்டால் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஓரமாகத் தள்ளி வந்திருக்கிறீர்களா என்று பாருங்கள், இருந்தால் மறுபடி எலும்புக்கு வாருங்கள், தசையில் மாப் (மடித்த துணி) வைத்து அடைத்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். வெட்டும் முன் 1:500,000 அட்ரினலின் ஊசி போட்டிருந்தால் அது வேலை செய்ய ஐந்தாறு நிமிடம் ஆகும். போட்ட கையோடு கத்தியை எடுத்தால் ஊசி போட்டும் பலனில்லை.

டிரானெக்சாமிக் அமிலம் (உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்து) வெட்டுவதற்கு முன்பே நரம்பில் போயிருக்க வேண்டும். பொதுவான அளவு கிலோவுக்கு 10 மி.கி., பிறகு மணிக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வலிப்பு நோய், சிறுநீரகக் கோளாறு, சமீபத்தில் கால் சிரையில் ரத்தக்கட்டி அடைத்தவர் என்றால் அனஸ்தீசியா டாக்டரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இதே மருந்தை மாப்பில் நனைத்துத் தசைமேல் சில நிமிடம் வைக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கேனாலைத் திறந்த பிறகு அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். தண்டுவட நீருக்குள் இந்த மருந்து போனால் அடக்க முடியாத வலிப்பு வரும், உயிர் போயிருக்கிறது. சிரிஞ்சில் பெயர் ஒட்டாமல் ட்ராலியில் வைக்கவே கூடாது.

பிரஷரைக் கொஞ்சம் இறக்கச் சொல்லலாமா? சாதாரண டிஸ்க் கேஸில், இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால், சராசரி ரத்த அழுத்தம் 65 வரை சரி. தண்டுவடம் நசுங்கியிருக்கிற கேஸில், அதாவது விழுந்து கால் வராமல் வந்தவர், தண்ணீரிலுள்ள ஃபுளோரைடால் தசைநார் எலும்பாகிப் போனவர், கழுத்துத் தண்டுவடம் அழுந்தியவர், இவர்களுக்கு இறக்கவே கூடாது. அங்கே 85 பக்கத்தில் வைக்கத்தான் பாடுபட வேண்டும். ரத்தம் கொஞ்சம் கூடப் போனால் ஏற்றிக்கொள்ளலாம், தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னும் கசிகிறதா? கேஸ் ஷீட்டை எடுத்து மாத்திரை லிஸ்ட்டை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். "ரத்தம் மெலியற மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் ஆத்தூரிலிருந்து வந்த பெரியவர் இல்லை என்றுதான் சொல்வார், "கொழுப்புக்கு ஒரு கேப்சூல் மட்டுந்தான் சாமி" என்பார். அந்தக் கேப்சூல் ஈகோஸ்பிரின் ஏவி. உள்ளே கொழுப்பு மருந்தோடு ஆஸ்பிரினும் இருக்கிறது. க்ளோபிடோக்ரெல் சேர்ந்த கேப்சூல்களும் அப்படித்தான். வாய்ப்பேச்சை நம்பாமல் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். அவசரமில்லாத கேஸ் என்றால் க்ளோபிடோக்ரெல்லை ஐந்து முதல் ஏழு நாளும், ஆஸ்பிரினை ஏழு நாளும் முன்பே நிறுத்துவது வழக்கம். ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் இதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

எலும்பிலிருந்து ஊறுகிறது

துடைத்தால் சுத்தமாகும், இரண்டு நொடியில் எலும்பின் துளைகளிலிருந்து புள்ளி புள்ளியாக மறுபடி வரும். காட்டரியை (சூட்டால் கருக்கும் கருவியை) வைத்தால் கருகும், நிற்காது.

லாமினாவை (கேனாலின் பின்பக்க எலும்புத் தகட்டை) வெட்டிய விளிம்புக்குப் பழைய போன் வேக்ஸ் போதும். 1892-இல் சர்ஜன் ஹார்ஸ்லி சொன்ன தேன்மெழுகுக் கலவையின் வழிதான் இன்றைக்கும். விரல் சூட்டில் உருட்டி, அரிசியளவு எடுத்து, துளைக்குள் தேய்த்து, மிச்சத்தை வழித்து எடுத்துவிடுங்கள். அது கரையாது, உடம்பு அதை எடுத்துக்கொள்ளாது, எலும்பு சேர்வதையும் தடுக்கும். அதனால் ஃப்யூஷன் (எலும்புகளை ஒன்றாகச் சேர்ப்பது) செய்யப்போகும் படுக்கையில், கிராஃப்ட் (சேர்வதற்கு வைக்கும் எலும்புத் துண்டு) வைக்கப்போகும் இடத்தில், போன் வேக்ஸ் வேண்டாம். சீழ், காசநோய் உள்ள இடத்திலும் வேண்டாம். கட்டியாக அப்பிவிட்டு விடுவது கேனாலுக்குள் நழுவி நரம்பை அழுத்தியதும் உண்டு.

ஃப்யூஷன் படுக்கையில் எலும்பைச் சுரண்டும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது கசிவு நேரமே குறையும். சுரண்டி முடித்ததும் கிராஃப்டை அழுத்தி வைத்தால் பெரும்பாலும் அதுவே அடைக்கும்.

பெடிக்கிள் துளையிலிருந்து (ஸ்க்ரூவுக்காக முதுகெலும்பில் போட்ட துளையிலிருந்து) வந்தால்? ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூதான் அடைப்பு. உடனே போட முடியாவிட்டால் ஜெல்ஃபோமைத் திரித்து வாயில் வைத்து மாப்பால் மூடுங்கள். சிரிஞ்சில் வரும் ஜெலட்டின்–த்ராம்பின் (த்ராம்பின் ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) கலவையை அந்தத் துளைக்குள் அழுத்திப் பீய்ச்சும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அந்தத் துளை நேராக முதுகெலும்பின் சிரைகளுக்குள் திறக்கிறது, அழுத்தினால் பொருள் சிரை வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப் போய் நோயாளி டேபிளிலேயே மோசமான கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன.

எலும்பு மெதுமெதுவென்று அள்ளிக்கொண்டு வந்து, ரத்தம் கொட்டினால் புற்றுக்கட்டியோ காசநோயோ என்று சந்தேகப்படுங்கள். அங்கே வெளியே எதை வைத்தாலும் நிற்காது, கெட்ட திசுவைச் சுரண்டி எடுத்து முடித்தால்தான் நிற்கும். சிறுநீரகத்திலிருந்தோ தைராய்டிலிருந்தோ பரவிய கட்டி என்று முன்பே தெரிந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். ரத்தக் குழாயை முன்கூட்டியே அடைக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள், கோவைக்கோ வேலூருக்கோ ஒரு நாள் பயணம் பெரிய விஷயமில்லை.

கேனாலுக்குள் கருஞ்சிவப்பாக ஊறி, நரம்பே தெரியவில்லை

பதறும் இடம் இதுதான். டியூராவை (தண்டுவடத்தையும் நரம்பையும் மூடிய உறையை) ஒட்டிய சிரை கிழிந்திருக்கிறது. பளிச்சென்று பீறிடாது, கறுப்பாகப் பொங்கி நிறையும், ஆழத்தில் ஒன்றும் தெரியாது. முதலில் வருகிற ஆசை சக்‌ஷனை உள்ளே விட்டு உறிஞ்சுவது. மெல்லிய சிரைச் சுவர் நுனியில் ஒட்டி இன்னும் கிழியும். சக்‌ஷன் எப்போதும் காட்டனாய்டு (நூல் கட்டிய சின்னப் பஞ்சுப் பட்டை) மேல்தான், நேரடியாக வேண்டாம்.

சரி, வரிசை இது. காட்டனாய்டை நனைத்து, ரத்தம் வரும் பக்கம் வைத்து, அதன் மேல் சக்‌ஷனை லேசாக வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். வயிற்றை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், தலைப்பக்கம் டேபிள் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் தெரிந்து, நரம்பு ஓரமாக விலகியிருந்தால் பைபோலார் (இரு முனைக்கு நடுவில் மட்டும் கருக்கும் கருவி), குறைந்த பவரில், தண்ணீர் சொட்டிக்கொண்டே. சிரையின் வெட்டுப்பட்ட முனை எலும்புக்கடியில் ஓடிவிட்டால் குருட்டுத்தனமாகக் கருக்காதீர்கள். அங்கேதான் மேலே வைக்கும் பொருளுக்கு வேலை.

ஜெல்ஃபோமைத் தீக்குச்சித் தலையளவு துண்டுகளாக வெட்டி, த்ராம்பினிலோ சலைனிலோ நனைத்து, விரலால் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, தட்டையாக்கி, சிரை ஓடிய மூலையில் வைத்து, மேலே காட்டனாய்டு. அழுத்தம் டியூராமேல் அல்ல, ஓரத்து எலும்பை நோக்கி. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலான கேஸ் நிற்காமல் போவதற்குக் காரணம். சிஸ்டர் சத்தமாக நேரம் சொல்லட்டும். இதற்கிடையில் வேறு பக்கம் வேலை இருந்தால் போய்ச் செய்யுங்கள்.

எடுக்கும்போது காட்டனாய்டு காய்ந்து போயிருந்தால் உறைந்த ரத்தக்கட்டியும் கூடவே வந்துவிடும். சலைனைச் சொட்ட விட்டு, ஊறிய பிறகு, நூலைப் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள்.

இதற்கும் நிற்காவிட்டால் ஃப்ளோசீல், சர்ஜிஃப்ளோ மாதிரி பாயும் கலவை. காசுக்கு மதிப்பான இடம் இதுதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத மூலைக்குப் பஞ்சு போகாது, இது போகும். குளமாக நிற்கும் ரத்தத்தின் மேல் ஊற்றினால் மிதக்கும். குளத்தை வாங்கிவிட்டு, ரத்தம் புதிதாக வருகிற அந்த நொடியில், நுனியை ஊற்றுக்கண்ணில் வைத்துக் கொஞ்சமாக விடுங்கள், நனைந்த காட்டனாய்டை மேலே வைத்து இரண்டு நிமிடம். ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் (உறைந்து கட்டியாகும் புரதம்) பட்டால்தான் அது வேலை செய்யும், அதனால் முழுக்கக் காய வைத்துவிட்டு வைத்தாலும் பயனில்லை. நின்றதும் சலைனால் மெதுவாகக் கழுவி, கட்டியில் பிடிக்காத உபரியை எடுத்துவிடுங்கள். பிடித்த கட்டியைத் தொடாதீர்கள்.

சர்ஜிசெல் (ரத்தம் நிறுத்தும் செல்லுலோஸ் துணி) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தசை, தோலடிக்கு அது நல்ல பொருள். கேனாலுக்குள்ளும், நரம்பு வெளியேறும் துளையிலும் அதை விட்டுவிட்டு மூடக்கூடாது. ஊதும், எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் ஊதினால் கால் போகும், போயிருக்கிறது. ஜெல்ஃபோமும் ஊதும் பொருள்தான். ரத்தம் நிற்க வைத்தோம், நின்றது, எடுத்துவிட்டோம் என்று முடிக்க வேண்டும்.

விழுந்து எலும்பு நொறுங்கிய கேஸில் இன்னொன்று. கேனாலுக்குள் வந்து நிற்கும் துண்டுதான் பல நேரம் கிழிந்த சிரையை அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தள்ளியதும் கொட்டும். தள்ளும் முன்பே ஜெல்ஃபோம் வெட்டி, காட்டனாய்டு நனைத்து, இரண்டாவது சக்‌ஷன் கையில், ஏற்ற வேண்டிய ரத்தம் ரூமுக்குள் வந்திருக்க வேண்டும்.

தருமபுரிப் பக்கத்து ஃபுளோரைடு கேஸில் எலும்பாகிப்போன தசைநார் டியூராவோடு ஒட்டியிருக்கும், இடைவெளியே இருக்காது. சிவப்பு குறைந்து ரோஸ் நிறத் தண்ணீர் வந்தால் டியூரா கிழிந்திருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும் பழக்கம் இருந்தால் அந்தப் பாட்டிலை டேபிளிலிருந்தே எடுத்துவிடுங்கள், அதன் வாயு சிரைக்குள் போகும், தண்டுவட நீருக்குள் போகும். டியூராவைத் தைத்து, மேலே ஃபைப்ரின் பசை. அந்தப் பசை ஓடும் ரத்தத்தை நிறுத்தாது, ஓரளவு உலர்ந்த இடத்தில்தான் ஒட்டும்.

இரண்டு தடவை முறையாக மூன்று நிமிடம் வைத்தும் நிறைகிறது என்றால் மூன்றாவது தடவைக்கு முன் சீனியரைக் கூப்பிடுங்கள். டியூராவை அழுத்தாமல் அடைத்து வைத்துக்கொண்டு அவர் வரும் வரை காத்திருக்கலாம்.

சரியான இடத்தில்தான் வைத்தேன், இருந்தும் நிற்கவில்லை

துடிப்போடு பளிச்சென்று பீறிடுகிறதா? அப்படியானால் தமனி. பைபோலார், க்ளிப், தையல். மேலே எதையும் வைத்து நேரத்தை விடாதீர்கள். கழுத்தில் ஓரமாக வேலை செய்யும்போது திடீரென்று பிரகாசமாகக் கொட்டினால் வெர்டிப்ரல் தமனியாக (கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் தமனி) இருக்கலாம். விரலால், மாப்பால் அடைத்துப் பிடித்தபடியே ரத்தக் குழாய் சர்ஜனைக் கூப்பிடுங்கள், அடைப்பை எடுத்துப் பார்க்க வேண்டாம்.

சர்ஜிசெல்லை நனைத்தீர்களா? அது காய்ந்தபடி வைக்க வேண்டியது. த்ராம்பினை அதன் மேல் ஊற்றினீர்களா? சர்ஜிசெல்லின் அமிலத்தன்மை த்ராம்பினைச் செயலிழக்க வைக்கும், இரண்டு பொருளும் வீண். கொலாஜன் பொடியோ தாளோ வைத்தீர்கள் என்றால், அதற்குத் தட்டணுக்கள் வேண்டும், டெங்கு சீசனில் அடிபட்டு வந்தவருக்கு எண்ணிக்கையைப் பார்த்தீர்களா? ஈரக் கையுறையால் எடுத்தால் கொலாஜன் காயத்தை விட்டுவிட்டுக் கையுறையில்தான் ஒட்டும், காய்ந்த ஃபோர்செப்ஸால் எடுங்கள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் மெஷின் ஓடுகிறது என்றால், இந்தப் பொருட்கள் எதையும் அந்தச் சக்‌ஷனில் உறிஞ்சக்கூடாது, சாதாரண சக்‌ஷனுக்கு மாறுங்கள்.

ரத்தம் தண்ணீர் மாதிரி, கட்டியே விழவில்லை

மாப்பைப் பிழிந்தால் கட்டி இல்லை. முன்பு நின்ற இடங்களெல்லாம் மறுபடி கசிகின்றன. ஊசி போட்ட இடத்திலிருந்தும் வருகிறது. இது இனி உங்கள் கையிலுள்ள பெட்டியின் பிரச்சினை இல்லை.

உடம்புச் சூட்டைக் கேளுங்கள். 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ரத்தம் ஒழுங்காக உறையாது. ஏற்காட்டு எஸ்டேட்டில் மழையில் விழுந்து, அங்கேயே கிடந்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தவர் ஏற்கெனவே குளிர்ந்துதான் இருப்பார். அதற்கு மேல் தியேட்டர் ஏசி, பிரிட்ஜிலிருந்து நேராக வந்த ரத்தம், குளிர்ந்த சலைன். ஏசியைக் குறையுங்கள், வார்மர் போடுங்கள், கழுவும் சலைன் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

லேப் ரிசல்ட் வர நேரமாகும் சின்ன ஆஸ்பத்திரியில், பாம்புக்கடிக்கு நாம் எல்லோரும் செய்யும் அதே 20 நிமிட டெஸ்டைச் செய்யலாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் பெரிய கோளாறு. உறைந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, தட்டணு, பி.டி., ஏ.பி.டி.டி. (இரண்டும் ரத்தம் உறையும் நேர டெஸ்ட்), ஃபைப்ரினோஜன், கால்சியம் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டே இதைச் செய்யுங்கள்.

சிவப்பணுவும் சலைனும் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் உறைய வைக்கும் சத்து நீர்த்துப்போகும், பிளாஸ்மாவும் தட்டணுவும் கூடவே போக வேண்டும், ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 150 மி.கி.க்குக் கீழே என்றால் க்ரையோ (பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும், ஃபைப்ரினோஜன் செறிந்த பகுதி). ரத்தம் ஏற்ற ஏற்றக் கால்சியம் குறையும், அதை அனஸ்தீசியா டாக்டருக்கு நினைவூட்டுங்கள். ரத்த வங்கிக்கு ஆள் ஓட வேண்டியது ரத்தம் தீர்ந்த பிறகு அல்ல, இப்போது.

தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தம் எடுத்தாகிவிட்டது என்றால், மிச்ச ஸ்க்ரூக்களை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். தசைப்பகுதியை அடைத்து, மூடி, ஐசியுவில் சூடேற்றி, ரத்தத்தைச் சரிசெய்து, ஓரிரு நாளில் மறுபடி வாருங்கள். பாதியில் நிறுத்துவது நல்ல முடிவுதான்.

காயத்தில் ரத்தமே இல்லை, ஆனால் பிரஷர் இறங்குகிறது

டிஸ்க் எடுத்துக்கொண்டிருந்தீர்களா? ஃபோர்செப்ஸ் முன்பக்கம் தாண்டியிருக்கலாம். டிஸ்க்குக்கு முன்னால் பெரிய குழாய்கள், ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் கொட்டும், உங்கள் காயத்தில் சொட்டுக்கூடத் தெரியாமல் போகலாம். டிஸ்க் இடைவெளிக்குள் எதையும் திணிக்காதீர்கள். அனஸ்தீசியா டாக்டரிடம் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், காயத்தை மாப் வைத்து அவசரமாக மூடி, மல்லாக்கப் போடுங்கள், ரத்தக் குழாய் சர்ஜன், அவர் வரும் வரை வயிற்றைத் திறக்கத் தெரிந்த எந்த ஜெனரல் சர்ஜனானாலும் சரி, ஓடி வர வேண்டும். ஸ்கேனுக்குக் கொண்டுபோக நேரமில்லை.

வார்டில்: "கால் கனமா இருக்கு"

மூடும் முன் காட்டனாய்டு எண்ணிக்கை சரியாக இருந்தது, ட்ரெயின் (ரத்தம் வடியும் குழாய்) போட்டாயிற்று, விழித்ததும் கால் அசைந்தது. ராத்திரி வலி ஏறிக்கொண்டே போகிறது, கட்டை விரல் தூக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது, சிறுநீர் வரவில்லை. ட்ரெயினில் வருவது திடீரென்று நின்றிருக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், குழாய் அடைத்து உள்ளே தேங்குகிறது.

அதனால்தான் முதல் ராத்திரி மணிக்கு ஒரு தடவை கட்டை விரலையும் கணுக்காலையும் அசைக்கச் சொல்லி எழுதி வைக்க வேண்டும். டியூட்டி சிஸ்டர் அதைச் செய்தால் உங்கள் ஆபரேஷனையே காப்பாற்றுகிறார். வலி ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது கூடாது.

அழுத்தி வடிக்க முடிகிறதா என்று ட்ரெயினை ஒருமுறை பாருங்கள், பிரஷர், மாத்திரை, ரத்த ரிப்போர்ட் பாருங்கள். எம்.ஆர்.ஐ. அதே கட்டடத்தில் இப்போதே கிடைத்தால் எடுங்கள். டெக்னீஷியனை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், இன்னொரு சென்டருக்கு ஆம்புலன்ஸில் போக வேண்டும் என்றால், கால் பலம் குறைந்துகொண்டே போகும் நோயாளிக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம், தியேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் திறந்தால்தான் நரம்பு திரும்பும். திறந்ததும் தேங்கிய ரத்தக்கட்டியை வாரி எடுங்கள், அதோடு முதல் தடவை உள்ளே விட்ட ஜெல்ஃபோம், சர்ஜிசெல் துண்டுகள் ஊதி நிற்கின்றனவா என்று கேனாலின் இரண்டு ஓரமும், நரம்பு வெளியேறும் துளை வரையும் பார்த்து எல்லாவற்றையும் எடுங்கள். கசிந்த இடம் கிடைத்தால் பைபோலார். கிடைக்காவிட்டால் கழுவி, புது ட்ரெயின் போட்டு, கேனாலுக்குள் இந்த முறை ஒன்றுமே விடாமல் மூடுங்கள்.